யானையுடன் செல்பி எடுக்கும் ஆசை உயிருக்கு ஆபத்து: வனவிலங்குகளை பாதுகாப்பாக பார்ப்பது, படம் பிடிப்பது எப்படி?

ஊட்டி:

விடுமுறை வந்துவிட்டால் போதும். நீலகிரிக்கு செல்லும் மலைப்பாதைகளில் வேன், கார், மோட்டார் சைக்கிள் என்று வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். பூங்கா, படகு சவாரி, தொட்டபெட்டா எல்லாம் பார்த்து முடித்த பிறகு சுற்றுலா பயணிகளுக்கு வரும் அடுத்த ஆசை, "காட்டு யானையை ஒரு தடவையாவது நேர்ல பார்த்துடணும்" என்பதுதான்.

பார்ப்பதோடு ஆசை நிற்பதில்லை. கையில் செல்போன் இருக்கிறது. போட்டோ எடுத்து ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும். யானை தூரத்தில் நின்றால் படத்தில் எலி மாதிரி தெரிகிறது. "இன்னும் கொஞ்சம் கிட்ட போலாம்" என்று வண்டியை விட்டு இறங்குகிறார்கள். அந்த இடத்தில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம் காடுகளில் விலங்குகளை பார்ப்பதும், படம் எடுப்பதும் தப்பு இல்லை. விலை உயர்ந்த கேமராவும் அவசியம் இல்லை. ஆனால் எங்கே நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாததால் மனிதர்களும் சாகிறார்கள், விலங்குகளும் சாகின்றன.

மயிரிழையில் தப்பியவர்

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், முதுமலையை ஒட்டி உள்ள கர்நாடக மாநிலம் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் நடந்த சம்பவம் செல்போன்களில் வேகமாக பரவியது. சாலையோரம் நின்ற காட்டு யானையை படம் எடுக்க ஒருவர் காரை விட்டு இறங்கி நெருங்கினார். யானை விரட்டியது. தலைதெறிக்க ஓடியவர் கால் இடறி சாலையில் விழுந்தார். யானை அவரை மிதித்துவிட்டு காட்டுக்குள் திரும்பியது. படுகாயம் அடைந்த அவர் அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினார். அவருக்கு கர்நாடக வனத்துறை ரூ.25 ஆயிரம் அபராதம் விதித்தது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை. அதே ஆண்டு பிப்ரவரி மாதம் வால்பாறை மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்த ஜெர்மனி நாட்டு முதியவர் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். சாலையில் யானை நின்றதால் மற்ற வாகனங்கள் தூரத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தன. அவர் மட்டும் யானையை கடந்து செல்ல முயன்றபோது இந்த பரிதாபம் நடந்தது.

இந்த 2 சம்பவத்திலும் யானை ஊருக்குள் புகவில்லை. அது தன் காட்டில், தன் வழியில் நின்றது. மனிதர்கள்தான் அதன் பக்கத்தில் போனார்கள்.

யானை முதலில் எச்சரிக்கும்

"யானை திடீர்னு பாய்ஞ்சிடுச்சு" என்று பலர் சொல்வது உண்டு. உண்மையில் பெரும்பாலான நேரம் யானை முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. நமக்குத்தான் அதை படிக்க தெரிவதில்லை.

யானை காதை மெதுவாக ஆட்டிக்கொண்டு, வாலை வீசிக்கொண்டு, புல்லை பிடுங்கி தின்றால் அது நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். காதை ஆட்டுவது உடம்பு சூட்டை தணிப்பதற்காக.

ஆடிய காது திடீரென்று நின்று, இரண்டு பக்கமும் முறம் போல விரிந்தால் அது உங்களை கவனிக்கிறது. தின்பதை நிறுத்திவிட்டு தும்பிக்கையை தூக்கி மோப்பம் பிடிப்பது, தலையை உதறுவது, முன்காலை ஆட்டி மண்ணை உதைப்பது, மண்ணை வாரி இறைப்பது, வாலை விறைப்பாக தூக்குவது எல்லாம் "போதும், போய்விடு" என்பதற்கான அடையாளங்கள்.

அதன் பிறகும் அங்கேயே நின்றால் யானை ஓடி வரும். சில நேரம் பிளிறியபடி நாலு எட்டு ஓடி வந்து நின்றுவிடும். இது வெறும் மிரட்டல். காதை பின்னால் மடக்கி, தும்பிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு சத்தம் இல்லாமல் வந்தால் அது நிஜமான தாக்குதலாக இருக்கும். மிரட்டலா, நிஜமா என்று பார்த்து சொல்லும் அளவுக்கு யாருக்கும் அங்கே நேரம் கிடைக்காது. யானை மணிக்கு 20 கி.மீ.க்கும் மேல் வேகமாக வரக்கூடியது. காட்டுப்பாதையில் கல்லும் முள்ளும் தடுக்க மனிதனால் அந்த வேகத்தில் ஓட முடியாது.

ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், கன்னத்தில் எண்ணெய் வடிந்தது போல ஈரக்கோடு தெரிந்தால் அதற்கு மதநீர் வடிகிறது என்று பொருள். அந்த நேரத்தில் அது முரட்டுத்தனமாக இருக்கும். அதேபோல குட்டியுடன் இருக்கும் கூட்டத்தின் பக்கம் தலைகாட்டவே கூடாது. குட்டி அழகாக இருக்கிறது என்று செல்போனை நீட்டினால் தாயும், மற்ற பெண் யானைகளும் சேர்ந்து வரும்.

எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதற்கு சுலபமான கணக்கு ஒன்று உண்டு. நீங்கள் வந்த பிறகு யானை தின்பதை நிறுத்திவிட்டு உங்களை பார்க்க ஆரம்பித்தாலே நீங்கள் கிட்டத்தில் போய்விட்டீர்கள். உடனே பின்வாங்க வேண்டும். இந்த கணக்கு மான், காட்டெருமை, குரங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

காட்டெருமையை மாடு என்று நினைக்காதீர்கள்

குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் தேயிலை தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும் காட்டெருமைகள் சர்வசாதாரணமாக உலவுகின்றன. பார்ப்பதற்கு வீட்டு மாடு போல நிதானமாக மேய்வதால் வெளியூர்காரர்கள் பயம் இல்லாமல் பக்கத்தில் போகிறார்கள்.

நன்றாக வளர்ந்த ஆண் காட்டெருமை ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும். அது தலையை தாழ்த்தினாலோ, 'புஸ்' என்று மூச்சு விட்டாலோ, உடம்பை பக்கவாட்டில் திருப்பி முழு உருவத்தை காட்டினாலோ விலகிவிட வேண்டும். அது தப்பி ஓடும் வழியை மறித்துக்கொண்டு நிற்பது பெரிய ஆபத்து.

கரடியும் அப்படித்தான். அதற்கு கண் பார்வை மந்தம். மனிதன் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். தெரிந்ததும் பயத்தில் பாய்ந்துவிடும். அதிகாலையிலும், மாலை இருட்டிய பிறகும் தேயிலை தோட்ட பாதைகளில் படம் எடுக்க தனியாக நடப்பதை தவிர்க்க வேண்டும்.

எங்கே, எப்போது போகலாம்?

முதுமலை 1940-ம் ஆண்டு வனவிலங்கு சரணாலயம் ஆனது. 2007-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இங்கே தெப்பக்காட்டில் இருந்து வனத்துறை வாகனத்தில் காலையிலும் மாலையிலும் காட்டுக்குள் அழைத்து செல்கிறார்கள். விலங்கு பார்க்க இதுதான் முறையான வழி. டிரைவருக்கு எந்த இடத்தில் நிறுத்தலாம், எங்கே நிறுத்தக்கூடாது என்பது அத்துப்படி.

யானையை கிட்டத்தில் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு தெப்பக்காடு முகாம் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் வளர்ப்பு யானைகளுக்கு பாகன்கள் உணவு கொடுப்பதை தடுப்புக்கு இந்த பக்கம் நின்று பார்க்கலாம். 2023-ல் ஆஸ்கார் விருது வாங்கிய 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' ஆவண படத்தில் வரும் பொம்மன், பெள்ளி தம்பதி குட்டி யானைகளை வளர்த்தது இங்கேதான். குழந்தைகளுக்கு யானையை காட்டி படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடு காய்ந்து இலை உதிர்ந்து கிடக்கும். விலங்குகள் தண்ணீர் தேடி குட்டைகளுக்கும், மாயாறு கரைக்கும் வரும். கண்ணுக்கு நன்றாக தெரியும். ஆனால் அந்த சமயத்தில் காட்டுத்தீ பயத்தால் காட்டு சவாரி நிறுத்தப்படுவது உண்டு. விசாரித்துவிட்டு கிளம்புவது நல்லது. மழைக்கு பிறகு காடு பச்சை பசேல் என்று இருக்கும். படம் அழகாக வரும், ஆனால் உண்ணிச்செடி புதருக்குள் யானையே நின்றாலும் தெரியாது.

காலை 6 மணி முதல் 9 மணி வரையும், மாலை 4 மணிக்கு பிறகும் விலங்குகள் நடமாடும். நடுப்பகலில் எல்லாம் நிழலில் ஒதுங்கிவிடும்.

ஆனைமலை புலிகள் காப்பகத்தில் டாப்சிலிப்பும், வால்பாறையும் முக்கியமானவை. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில், 9-வது வளைவை சுற்றி உள்ள பாறைகளில் நமது மாநில விலங்கான வரையாட்டை பார்க்க முடியும். தமிழக வனத்துறை 2024-ல் நடத்திய கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளும், 2025-ல் நடத்திய கணக்கெடுப்பில் 1,303 வரையாடுகளும் பதிவாகின. வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலை ஓரத்திலேயே சுற்றும். பெரிய மரங்கள் உள்ள இடத்தில் இருவாச்சி பறவை பறந்தால், ரெயில் எஞ்சின் மூச்சு விடுவது போல இறக்கை சத்தம் கேட்கும்.

சீகூர், மாயாறு பள்ளத்தாக்கில் பிணந்தின்னி கழுகுகள் கூடு கட்டி குஞ்சு பொரிக்கின்றன. ஆற்றோர நீர்மருது மரங்களில் அவை கூடு கட்டும். மாட்டுக்கு போடப்பட்ட டைக்குளோபினாக் என்ற வலி மருந்தால் நாடு முழுவதும் இந்த கழுகுகள் கூண்டோடு அழிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை மத்திய அரசு தடை செய்தது. எஞ்சியிருக்கும் கூடுகளின் பக்கம் படம் எடுக்க போனால் தாய் கழுகு கூட்டை விட்டு போய்விடும். வானத்தில் வட்டமிடும்போது எடுத்தால் போதும்.

புதிதாக படம் எடுக்க பழகுபவர்கள் நேராக காட்டுக்கு போக வேண்டும் என்பது இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேடந்தாங்கல் போன்ற சரணாலயங்களில் பறவைகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். நடைபாதையில் நின்றபடியே கை பழகலாம்.

விலங்கை கண்டுபிடிப்பது எப்படி?

"2 மணி நேரம் சுத்தினோம், ஒரு மானைத்தான் பார்த்தோம்" என்று திரும்புபவர்கள் உண்டு. காடு மிருகக்காட்சி சாலை கிடையாது. ஆனாலும் பார்க்க தெரிந்தவர்களுக்கு காடு நிறைய காட்டும்.

முழு விலங்கையும் தேடக்கூடாது. ஆடும் காது, அசையும் வால், புதருக்குள் கொம்பு நுனி இப்படி ஏதாவது ஒரு துண்டைத்தான் கண் தேட வேண்டும். மரங்கள் எல்லாம் நெட்டுக்குத்தலாக நிற்கும். அதற்கு நடுவே குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் அது விலங்கின் முதுகாக இருக்கலாம்.

காதையும் பயன்படுத்த வேண்டும். மூங்கில் 'படார்' என்று முறிந்தால் பெரும்பாலும் யானை. சாலையில் கிடக்கும் சாணம் ஈரமாக, ஆவி பறக்க இருந்தால் கூட்டம் அப்போதுதான் கடந்து இருக்கிறது. முன்னால் போனது ஒன்றாக இருந்தால் பின்னால் வருவது இன்னும் பல இருக்கலாம். அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி நிற்கக்கூடாது.

புலி, சிறுத்தை இருப்பதை மற்ற விலங்குகள்தான் காட்டிக்கொடுக்கும். மரத்தின் மேல் இருக்கும் மந்தி தூரத்திலேயே பார்த்துவிட்டு இருமுவது போல கத்தும். கீழே புள்ளிமான் 'கூவ்' என்று கூர்மையாக குரல் கொடுக்கும். மந்தி உதிர்க்கும் இலையையும் காயையும் மான் தின்னும். மந்தியின் கண், மானின் மூக்கு இரண்டும் சேர்ந்து காவல் காக்கும். மான் கூட்டம் முழுவதும் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையை பார்த்து காதை விறைத்து நின்றால் நீங்களும் அந்த திசையை பாருங்கள். கடமான் கத்தினால் நிச்சயம் ஏதோ இருக்கிறது என்பார்கள் காட்டை அறிந்தவர்கள்.

இதற்கெல்லாம் வண்டிக்குள் அமைதி வேண்டும். பாட்டு போட்டுக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு போனால் வண்டி வருவதற்கு முன்பே காடு காலியாகிவிடும்.

செல்போனிலேயே நல்ல படம் எடுக்கலாம்

கிளம்பும் முன்பே செல்போனில் பிளாஷை அணைத்துவிட வேண்டும். தூரத்தில் இருக்கும் விலங்குக்கு அந்த வெளிச்சம் போய் சேராது. பக்கத்தில் இருக்கும் விலங்கை அது மிரள வைக்கும். இரண்டு வகையிலும் பயன் இல்லை. போனை சைலண்டில் வைப்பதும் அவசியம்.

லென்சை பருத்தி துணியால் துடையுங்கள். சட்டைப்பையில் இருந்த வியர்வை ஈரமும், எண்ணெயும் படிந்தால் படம் மங்கலாகவே வரும்.

விரலால் பெரிதாக்கி எடுக்கும் ஜூமை நம்ப வேண்டாம். ஓரளவுக்கு மேல் படம் சிதைந்துவிடும். விலங்கு சிறிதாக இருந்தால் சுற்றி உள்ள காட்டையும் சேர்த்து எடுங்கள். பெரிய மரங்களுக்கு நடுவே சின்னதாக நடந்து போகும் யானைதான் காட்டு யானை என்பது பார்த்ததும் தெரியும். முகத்தை மட்டும் பெரிதாக எடுத்தால் கோவில் யானைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

பைனாகுலர் இருந்தால் அதன் கண் வைக்கும் பக்கத்தில் செல்போன் லென்சை ஒட்டி வைத்து எடுக்கலாம். கொஞ்சம் பழகினால் தூரத்து பறவையும் தெளிவாக வரும்.

யானை, காட்டெருமை, கரடி எல்லாம் கருப்பு நிறம். கேமரா அதை இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை கூட்டிவிடும். கருப்பு யானை சாம்பல் பூசியது போல வரும். திரையில் விலங்கை தொட்டதும் பல போன்களில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதை லேசாக கீழே இறக்கினால் நிறம் சரியாகிவிடும்.

முழங்கைகளை உடம்போடு ஒட்டி, மூச்சை பிடித்து எடுத்தால் கை ஆடாது. வண்டி என்ஜின் ஓடினால் அந்த அதிர்வே படத்தை கெடுக்கும். காட்டு சவாரியில் டிரைவர் என்ஜினை அணைக்கும் வரை பொறுத்திருங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு

கேமராவில் எடுப்பவர்களுக்கு 300 எம்.எம். லென்ஸ் இருந்தால் முதுமலைக்கு போதும். பறவைகளுக்கு 400 எம்.எம். இருந்தால் நல்லது. மேயும் மானுக்கு ஷட்டர் வேகம் 500-ல் ஒரு பங்கு வினாடி, பறக்கும் பறவைக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் மேல் வைக்க வேண்டும். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் ஐ.எஸ்.ஓ.வை கூட்டித்தான் ஆக வேண்டும். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் பரவாயில்லை, ஆடிப்போன படத்தை எதுவும் செய்ய முடியாது.

விலங்கின் கண் தெளிவாக இருந்தால் படம் உயிரோடு இருக்கும். அது பார்க்கும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு எடுப்பது நல்லது.

ஸ்டாண்டு வைக்க வண்டியில் இடம் இருக்காது. ஒரு துணிப்பையில் பாதி அளவு அரிசியோ, ராகியோ கொட்டி வாயை தைத்துவிட்டால் ஜன்னல் விளிம்பில் வைத்து அதன் மேல் லென்சை சாய்க்கலாம். செலவு இல்லாத ஸ்டாண்டு இதுதான்.

நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் கேமராவுக்கு எதிரி. ஏ.சி. காரில் இருந்து வெளியே எடுத்ததும் லென்சில் பனி மாதிரி படியும். அவசரப்பட்டு துடைக்காமல், பைக்குள்ளேயே கால் மணி நேரம் வைத்து வெளி சூட்டுக்கு பழக்கிய பிறகு எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்தால் தப்பிக்கும்.

வால்பாறை பக்கம் மழையில் நடந்தால் அட்டைப்பூச்சி கடிக்காமல் விடாது. பேண்டை காலுறைக்குள் சொருகிக்கொள்ள வேண்டும்.

ஒரு வாழைப்பழம் செய்யும் கேடு

படத்துக்காக விலங்கை கிட்டத்தில் வரவழைக்க சிலர் பழம், பிஸ்கட், சிப்ஸ் போடுகிறார்கள். அந்த நேரத்தில் நல்ல படம் கிடைக்கலாம். அதற்கான விலையை பிறகு விலங்குதான் கொடுக்கிறது.

மசினகுடி அருகே வாழைத்தோட்டம் பகுதியில் சுற்றிய 'ரிவால்டோ' என்ற காட்டு யானையே இதற்கு சாட்சி. தும்பிக்கையில் காயம்பட்ட அந்த யானைக்கு ஆட்கள் பழங்கள் கொடுத்து பழக்கிவிட்டனர். அது வீடுகளையும் விடுதிகளையும் சுற்றியே வந்தது. கடைசியில் 2021-ம் ஆண்டு மே மாதம் அதை மரக்கூண்டில் அடைத்து சிகிச்சை அளித்தார்கள். ஆகஸ்டு மாதம் அடர்ந்த காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட வேகத்தில் பல கி.மீ. நடந்து பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. மனிதன் பழக்கியதை காடு மறக்கடிக்க முடியவில்லை.

மனிதர்கள் பக்கம் வரும் எல்லா யானைக்கும் பழம் கிடைப்பதில்லை. அதே 2021-ம் ஆண்டு ஜனவரி மாதம் மசினகுடியில் தங்கும் விடுதி பக்கம் வந்த யானை மீது எரியும் பொருள் வீசப்பட்டது. காதில் தீயுடன் யானை அலறி ஓடிய வீடியோ நாட்டையே உலுக்கியது. ஏற்கனவே காயத்துடன் இருந்த அந்த யானை இறந்துபோனது.

சத்தியமங்கலம் அருகே ஆசனூர், காரப்பள்ளம் பகுதியில் யானைகள் கரும்பு லாரிகளை மறிப்பது இன்று வாடிக்கையாகிவிட்டது. லாரிகளில் இருந்து கரும்பை எடுத்து சாலையோரம் போட்டதும் இதற்கு ஒரு காரணம். இன்று லாரியை மறிக்கும் யானை நாளை பஸ்சையும் மறிக்கும்.

குரங்குகள் கதையும் இதேதான். உணவுக்காக சாலையில் காத்திருக்கும் குரங்குகள் வண்டியில் அடிபட்டு சாகின்றன. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்காமல் கடப்பதற்காக மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே நின்று நாம் பிஸ்கட் காட்டினால் அந்த பாலத்துக்கு வேலையே இல்லை.

யானை குறுக்கே நின்றால் என்ன செய்வது?

* தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், ஹெட்லைட்டை போட்டு போட்டு அணைக்காதீர்கள்.

* கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள். யாரும் இறங்கக்கூடாது.

* யானை உங்களை நோக்கி நடந்தால் நிதானமாக பின்னால் எடுங்கள். பின்னால் வரும் வண்டிகள் நெருக்கி நிறுத்தாமல் இடம் விட வேண்டும். யானையிடம் பலர் சிக்குவதே பின்னால் வழி இல்லாமல்தான்.

* யானைக்கும் அதன் குட்டிக்கும் நடுவில், கூட்டத்துக்கு நடுவில் வண்டியை விடாதீர்கள். கடைசி யானை கடந்த பிறகும் சில நிமிடங்கள் காத்திருங்கள்.

* மோட்டார் சைக்கிளில் வருபவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. ஓரமாக ஒதுங்கி கடந்துவிடலாம் என்று நினைக்காமல் வந்த வழியே திரும்பி, பெரிய வாகனம் வரும்வரை தள்ளி நில்லுங்கள்.

வால்பாறையில் யானை நிற்கும் இடத்தை செல்போனில் குறுந்தகவலாகவும், சாலையோர கம்பங்களில் சிவப்பு விளக்காகவும் தெரிவிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். உள்ளூர் தோட்ட தொழிலாளர்கள் அதை பார்த்துத்தான் வீடு திரும்புகிறார்கள். வெளியூர்காரர்கள் அதை பார்த்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு யானையை தேடினால் என்ன ஆகும்?

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழையவும், படம் எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். காட்டுக்குள் செல்லும் சாலைகளில் வண்டியை நிறுத்தி இறங்குவது, சமைப்பது, விலங்குக்கு உணவு போடுவது, சத்தம் போட்டு சீண்டுவது எல்லாவற்றுக்கும் அபராதம் உண்டு. அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட்டால் வழக்கு பாயும்.

இரவு பயணத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. பந்திப்பூர் வழியாக மைசூர் செல்லும் சாலையில் 2009-ம் ஆண்டு முதல் இரவு 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து தடை நடைமுறையில் உள்ளது. திம்பம் மலைப்பாதையில் 2022-ம் ஆண்டு முதல் இரவு கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024-ம் ஆண்டு மே மாதம் முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் முறை அமலுக்கு வந்தது. கிளம்பும் முன் விதிமுறைகளை விசாரித்துக்கொண்டால் சோதனைச்சாவடியில் குழந்தை குட்டிகளோடு காத்து கிடக்க வேண்டியது இல்லை.

வழிகாட்டிய தமிழர்

நம் ஊர் காட்டு விலங்குகளை படம் எடுத்து உலகம் அறிய வைத்தவர் மா.கிருஷ்ணன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்த இவர், தமிழ் நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். கருப்பு வெள்ளை படம்தான் எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை தானே சேர்த்து செய்த கேமராவை பயன்படுத்தினார். வளர்ப்பு யானையின் முதுகில் அமர்ந்து காட்டுக்குள் சென்று மணிக்கணக்கில் காத்திருந்து யானைகளையும் காட்டெருமைகளையும் படம் பிடித்தார்.

இன்று சாதாரண செல்போனில் இருக்கும் வசதிகளில் பாதி கூட அவரிடம் இல்லை. அவரிடம் இருந்தது பொறுமையும், விலங்கை பற்றிய அறிவும்தான். இந்த இரண்டுக்கும் காசு தேவை இல்லை.

படத்தை போடும் முன் யோசியுங்கள்

படம் எடுத்த கையோடு இடத்தின் பெயரையும் சேர்த்து சமூக வலைத்தளத்தில் போடுவது இன்னொரு ஆபத்து. "இந்த வளைவில் புலி நிற்கிறது" என்று போட்டால் அடுத்த நாள் அந்த இடத்தில் 50 வண்டிகள் நிற்கும். வேட்டைக்காரனுக்கும் அது தகவல்தான். 'முதுமலை' என்று மட்டும் போட்டால் போதும். பறவை கூடு, குட்டி ஈன்ற இடம் இவற்றின் படத்தை வெளியிடாமல் இருப்பதே நல்லது.

2024-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 3,063 காட்டு யானைகள் இருந்தன. அவை நடந்துபோகும் வழிகளில் நம் சாலைகளும், தோட்டங்களும், விடுதிகளும் வந்துவிட்டன. மிச்சம் இருக்கும் வழியிலும் நாம் செல்போனுடன் நின்றால் அவை எங்கே போகும்?

இன்று கிடைக்காத படம் அடுத்த தடவை கிடைக்கலாம். படம் எடுத்தவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். படத்தில் இருக்கும் யானையும் எந்த தொந்தரவும் இல்லாமல் தின்றுகொண்டே இருக்க வேண்டும். யானை கடைசிவரை திரும்பியே பார்க்கவில்லை என்றால், அதுதான் நீங்கள் சரியான தூரத்தில் நின்று எடுத்த படம்.